சங்கத்துக்குச் செய்த பத்துக் கத்திகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

எண்ணெய் வேலை இன்றோடு சரி. அரைப் பரல் பழைய என்ஜின் ஒயில். சிவக்கக் காய்ச்சிய கத்தியை அதற்குள் இறக்கியதும் கறுப்புப் புகை எழும்பி, அம்மா கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சேலைக்கு மேலால் போய், பக்கத்து வளவில் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாள் அடிக்கிறியோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பொலிசுக்குப் போகக்கூடிய சிரிப்பு.

ஆகவே தண்ணீர். பட்டறைக் கொட்டிலுக்குப் பின்னால் கிணறு, அதற்குப் பின்னால் ஆறு. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததன்படி ஸ்பிரிங் இரும்புக்கு எண்ணெய்தான். தண்ணீர் சட்டென்று குளிர வைக்கும், இரும்பு வெடிக்கலாம். தெரியும். ஆனால் கத்தியின் வாயை மட்டும் இறக்கினால்? சித்தப்பாவின் உழவு மெஷின் பெட்டியில் கழற்றிய ஸ்பிரிங் தகட்டில் ஒன்று அடித்து வைத்திருந்தேன். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் வாயை மட்டும் இறக்கினேன். அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் வழுக்கியது போல வழுக்கியது. வெடிப்பு இல்லை.

எண்ணெய் ஒரு நாளும் இந்த இறுக்கம் தந்ததில்லை. புத்தகம் எழுதியவன் மட்டக்களப்புக்கு வந்திருக்க மாட்டான்.

பெப்ரவரி 16

மாமி மகன் உதயரூபன் ஓர் ஓடர் பிடித்துத் தந்தான். எங்கள் ஊர்ப் பெண்களின் கருவாட்டுச் சங்கத்துக்குப் பத்துக் கத்தி, சித்திரை வருசத்துக்கு முன்னால். தலைவி சுதர்சனா அக்கா வந்து மாதிரிக் கத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைக் கத்தி ரெண்டு மாசத்தில மொட்டையாப் போகுது. இது எவ்வளவு காலம் நிக்கும்?"

"நீங்க நிக்கிற காலம் நிக்கும்."

"அப்ப நான் கெதியாச் செத்தா?"

அவரோடு வந்த வசந்தாதேவி அக்கா சிரித்தார். சங்கத்தில் மீன் பிளப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். வாயிலும் அப்படித்தான். "டிப்ளோமா படிச்சுப்போட்டு இரும்படிக்கிறாய், கராஜ்ல என்ன களவு பிடிச்சவங்க?" என்று கேட்டார். களவு இல்லை. முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். அதை அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

இந்தப் பத்தும் சரியாக வந்தால் ஊர் வாய் மூடும்.

மார்ச் 2

சித்தப்பாவின் தகட்டில் மூன்று கத்தி முடிந்தது. ஒரு துண்டுதான் மிச்சம். மற்றவற்றுக்கு இரும்பு தேடி முஹம்மட் காக்காவின் பழைய இரும்பு வளவுக்குப் போனேன்.

"பஸ் தகடு தம்பி. ரோட்டில ஓடிப் பழகின இரும்பு" என்றார், நான் கேட்கும் முன்பே. கேட்கும் முன்பே பதில் வைத்திருக்கும் ஆளை நான் நம்புவதில்லை. அரம் வைத்துப் பார்த்தேன். தட்டிச் சத்தம் கேட்டேன்.

"வெடிப்பு ஏதும்?"

"கண் இரிக்கிதானே. பாத்து எடு."

எடுத்தேன். தேத்தண்ணி தந்தார். ஏன் தேத்தண்ணி? இரண்டு தகடு வாங்குகிறவனுக்கு எதற்கு?

மார்ச் 15

உதயரூபன் வேலைக்கு வருகிறான். தண்ணீரில் இறக்கி எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி. விழுந்தால் உடையும். அதைத் திரும்ப மெல்லிய சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்து எடுத்தால்தான் தாங்கும். அம்மாவின் கேக் போறணை அதற்குப் போதும். அந்தக் காவல் உதயரூபனுடையது.

"மச்சான், என்ட பிறந்தநாள் கேக்குக்கே ஒருத்தரும் இவ்வளவு காவல் இருந்ததில்ல" என்றான். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போறணையைப் பார்க்கவில்லை.

மார்ச் 28

இரண்டு கத்தி போயிற்று. தண்ணீருக்குள் இறங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து மேலே மயிர்க்கோடு. இரண்டும் காக்காவின் தகடு.

சித்தப்பாவின் தகட்டில் ஒன்றும் போகவில்லை. குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 5

இன்று இரண்டு முடித்தேன். சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் உலை ஊதும் ப்ளோவர் இரைச்சலில் கேட்டிருக்காது.

ஏப்ரல் 11

பத்தையும் கொடுத்தாயிற்று. சங்கக் கொட்டிலில் பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்து உடனே வெட்டிப் பார்த்தார்கள். அன்னப்பூரணி அக்கா பிடியில் சின்னப் புள்ளி வைத்திருந்த முதலாவது கத்தியைப் பாய்ந்து எடுத்தார். வசந்தா அக்கா ஒரு செல்வன் மீனை ஒரே இழுவையில் பிளந்து விரித்தார். பிளந்துவிட்டுக் கத்தியைத்தான் பார்த்தார், மீனை அல்ல.

"டேய் டிப்ளோமா, உன்ட வாய்க்கு மட்டுந்தான் கூர் எண்டு நினைச்சன்."

பாராட்டா, நக்கலா? இந்த ஊரில் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

ஏப்ரல் 14

வருசம். கைவிசேசக் காசுக்கு ஒருத்தரும் வரவில்லை. நானும் போகவில்லை.

மே 4, ஞாயிறு

வசந்தா அக்காவின் கத்தி உடைந்துவிட்டது. காலையில், மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது. முனைப்பக்கத் துண்டு தெறித்து வலது கை பெருவிரலின் அடியில் இறங்கியிருக்கிறது. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்களாம். நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது.

சுதர்சனா அக்கா போன் எடுத்தார். நான் முதலில் கேட்டது, "என்னத்த வெட்டினவ?"

"கை எப்பிடி எண்டு கேக்க மாட்டியா?" என்றார்.

கேட்கத்தான் இருந்தேன். ஆனால் என்னத்தை வெட்டினா? கொடுவா மீன் தலையில் ஓங்கிப் போட்டால் எந்தக் கத்தியும் தாங்காது. மீன் பெட்டியைக் கத்தியால் நெம்பித் திறக்கிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மே 7

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழங்கை வரைக்கும் கட்டு. என்னைக் கண்டதும் வசந்தா அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோடம்பழம் கொண்டுபோனேன், மேசையில் வைத்தேன்.

"அக்கா, அந்த உடைஞ்ச துண்டு எங்க?"

"ஏன்?"

"பாக்கணும்."

"பாத்துப்போட்டு மாத்திவெச்சிருவாய். என்ட புருசன்ட்டக் குடுத்து வெச்சிருக்கன். தர மாட்டன்."

"நான் எதுக்கு மாத்திறன்?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டுப் படுத்திருக்கன்."

மறைக்கிறா. கொடுவாத் தலைதான். துண்டைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

மே 10

இல்லை, அது உதயரூபனாகவும் இருக்கலாம். கடைசிக் கத்திகளைப் போறணையிலிருந்து எப்போது எடுத்தான்? கேட்டேன்.

"நீ சொன்ன நேரத்துக்கு."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணுறதுக்கு நான் என்ன கொலையா செய்தனான்? கேக் கருகினா அம்மா ஏசுவா. கத்தி உடைஞ்சா நீ ஏசுறாய். உங்கட வீட்டு அடுப்புக்குக் கிட்ட வந்தது என்ட பிழை."

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கோபம் உண்மைக் கோபம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் பிழை செய்தவனும் கோபப்படுவான்.

மே 17

வசந்தா அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டைப் பிரித்திருந்தார்கள். பெருவிரல் வெளியே நீட்டியபடி நிற்கிறது, மடிக்க வரவில்லை. நான் பார்க்காதது போல இருந்தேன்.

துண்டைக் காட்டுங்கள் என்று திரும்பக் கேட்டேன். புருசன் உள்ளேயிருந்து துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். வசந்தா அக்கா அதை இடது கையால் வாங்கி, தானே பிரித்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தூர நிண்டு பார். தொடப்படாது."

குந்தியிருந்து பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி வெள்ளி மாதிரி மினுங்குகிறது. அது அன்று உடைந்தது. மற்றப் பாதி மண்ணிறம். அது அன்று உடைந்ததில்லை. வெடித்துக் கனநாள். கத்தி இவர் கைக்கு வருமுன்பே அந்த இரும்பு பாதி பிளந்திருந்திருக்கிறது.

கொடுவாத் தலை இல்லை. நெம்பவில்லை. இவர் ஒன்றும் செய்யவில்லை.

"நீங்க இல்ல அக்கா. இரும்பு."

"என்னத்த வெட்டினன் எண்டு சொல்லட்டா? செல்வன். வயிறு."

"ஓம்."

"இத அண்டைக்கே என்னட்ட ஒரு வாய் கேட்டிருந்தா உன்ட வாய் தேஞ்சு போயிருமா?"

போனில் படம் எடுக்க மட்டும் விட்டார். மண்ணிறம் என்றால் துரு. துரு என்றால் பழைய வெடிப்பு. பஸ்ஸில் கிடந்த காலத்திலேயே வெடித்த தகடு. ரோட்டில் ஓடிப் பழகின இரும்பாம்! தேத்தண்ணி ஏன் தந்தார் என்று இப்போது விளங்குகிறது.

மே 19, திங்கள்

காக்காவின் வளவுக்குப் போய்க் கத்திவிட்டேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. லொறியில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள். படத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"வெடிச்ச தகட்ட வித்து ஒரு பொம்பிளைட கையைப் பாழாக்கியிருக்கிறீங்க."

அவர் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவசரமேயில்லை.

"அல்லாவே. ஆருட கை?"

"அது உங்களுக்கு எதுக்கு? வெடிச்சதத் தெரிஞ்சுதானே வித்தீங்க?"

"தம்பி, நான் இரும்பு விக்கிறன். கத்தி விக்கல்ல. தட்டிப் பாத்து எடுத்தது நீ. காய்ச்சினது நீ. அடிச்சது நீ. இவ்வளவுக்கும் பிறகு வெடிப்பு மட்டும் என்டயா?"

"ஏமாத்திப்போட்டுக் கதைக்கிறீங்க."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"இனி இஞ்ச வராத."

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. எங்கட ஆள் ஒருவனின் கடையென்றால் அப்படி, அத்தனை பேருக்கு நடுவில், கத்தியிருப்பேனா? எழுதி வைக்கிறேன். பதில் எழுதவில்லை.

மே 22

ஊரில் கதை பரவிவிட்டது. இரும்பு சேர்க்க வந்த காக்காவின் லொறியைச் சந்தியில் திருப்பி அனுப்பினார்களாம். நான் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் நான் சொன்னதுதான்.

மே 25, ஞாயிறு

ஆதாரம் வேண்டும் என்று இன்று கொட்டிலைத் திறந்தேன். காக்காவின் தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்று. சித்தப்பாவின் தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்று. இரண்டையும் ஒரே அளவுக்கு அடித்து, ஒரே சூட்டில், ஒரே வாளியில். காக்காவுடையது வெடிக்கும், சித்தப்பாவுடையது வெடிக்காது. வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாம். ப்ளோவரையும் நிறுத்திவிட்டேன், சத்தம் பதிய வேண்டுமென்று.

காக்காவுடையது: டிக்.

சித்தப்பாவுடையது: டிக்.

திரும்பவும் பார்த்தேன். மயிர்க்கோடு. சித்தப்பாவின் தகடு. மாசியில் இதே தகட்டில் மூன்று கத்தி அடித்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அதே தகடு, அதே கரி, அதே காந்தம், அதே நான்.

வீடியோவை அழித்துவிட்டேன்.

மே 26

வெடித்த துண்டு ஒன்றைப் போறணையில் வைத்து எடுத்து, பிறகு குறட்டில் பிடித்து உடைத்தேன். வெடிப்பின் உட்பக்கம் மண்ணிறம். வசந்தா அக்காவின் மடியில் கண்ட அதே மண்ணிறம். துரு இல்லை. போறணைச் சூட்டின் நிறம். கராஜில் நூறு தரம் கண்ட நிறம். நான் அதைத் துரு என்று பார்த்தேன், ஏனென்றால் துரு என்றால் அது இன்னொருவனுடையது.

அப்படியென்றால் வெடிப்பு தண்ணீருக்கும் போறணைக்கும் இடையில் பிறந்தது. என்னுடைய வாளிக்குள்.

ஆனால் மாசியில் ஏன் வெடிக்கவில்லை? வாளியைப் பார்த்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தேன். அம்மா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"சவுக்காரம் நுரைக்குதில்ல, பார் மனே."

கையால் அள்ளி வாயில் வைத்தேன். துப்பினேன்.

உப்பு. கடல் அளவுக்கு இல்லை, ஆனால் உப்பு.

ஒவ்வொரு வருசமும் இதுதானே நடக்கிறது. மாரி வெள்ளம் வடிய ஆற்று முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு கடல் அதே வழியால் ஆற்றுக்குள் வந்துவிட்டது. வெயில் ஏற ஏற ஆறு உவர்க்கும். ஆறு உவர்த்தால் கரையோரக் கிணறும் உவர்க்கும். பங்குனியிலிருந்து நாங்கள் இந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு ஆக்குவதில்லை, குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர். பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் சும்மா தண்ணீரை விட வேகமாக இரும்பைக் குளிர வைக்கும், வெடிக்க வைக்கும் என்பதும் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்ஸ் வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. ஒன்றையொன்று முகம் பார்க்கவேயில்லை.

மடையன். டேய், மடையன்.

மே 27

ஒன்பது கத்தி வெளியில் இருக்கிறது.

மே 29

ஒன்பது கத்தி பெண்களின் கையில் இருக்கிறது, நான் இரண்டு நாளாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாமே வெடித்திருக்காது. பங்குனிக்கு முன் செய்தவை சரியாக இருக்கும். எது முன், எது பின் என்று பார்த்தால் தெரியாது. முதலாவதின் புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பிடி.

திருப்பிக் கேட்டால் பிழை என்னுடையது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. கேட்காவிட்டால் இன்னொரு கை.

எழுதிப் பார்த்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை. எழுதாமல் இருக்கும்போதுதான் யோசனை வருகிறது.

ஜூன் 2

கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி முடியும் வரைக்கும் ஊரில் மீன் இல்லை, கருவாட்டுக் கொட்டில் பூட்டு. கத்திகள் கழுவித் துடைத்துக் கூரையில் செருகியிருக்கும். குளிர்த்திக்கு மறுநாள் காலையில் ஊர் முழுக்க மீனுக்குப் பாயும். அப்போது எல்லாக் கத்தியும் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

அதற்குள் எடுக்க வேண்டும். நாளை.

ஜூன் 3

முதல் வீடு. "சாணை பிடிச்சுத் தாறன்" என்று பொய் சொன்னேன்.

"சடங்குக் காலத்தில என்ன சாணை? வேற ஆருக்கோ விக்கப் போறான்" என்று அந்தப் பெண் தன் தாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது. தரவில்லை.

படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். "நான் பிழையாத் தண்ணியில போட்டுட்டன். இரும்புக்குள்ள வெடிச்சிருக்கலாம். வசந்தா அக்காட கை மாதிரி உங்கட கையும் போகும்" என்றேன். கத்தியைத் துணியில் சுற்றித் தூரப் பிடித்துக்கொண்டு வந்து தந்தார்கள், பாம்பு மாதிரி.

ஐந்தாவது வீட்டில் பாண்காரனைப் போலப் படலையிலேயே நின்று சொன்னேன்.

சுதர்சனா அக்காதான் கஷ்டம். "என்ட கத்திக்கு ஒண்டுமில்ல. முள்ளு நூல் மாதிரி போகுது. தர மாட்டன்."

"அக்கா, வசந்தா அக்காடயும் உடையிற நாள் வரைக்கும் அப்பிடித்தான் வெட்டினது."

"அப்ப காக்கா ஏமாத்தினது எண்டு ஊரெல்லாம் சொன்னாய்?"

"பிழையாச் சொன்னன்."

"அவனுக்குப் போய்ச் சொன்னியா?"

கத்தியைத் தந்தார். கேள்வியையும் வைத்துக்கொள் என்பது போலக் கதவைச் சாத்தினார்.

ஜூன் 5

எட்டுக் கத்தி மேசையில். மண்ணெண்ணெய் பூசி ஊற விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூள் தேய்த்தேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரக் கோடு விழும். வெல்டிங் ஒட்டுகளைச் சோதிக்கக் கல்லூரியில் சொல்லித் தந்தது. கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரத்தை நான் செலவழிக்கவில்லை.

நான்கில் கோடு விழுந்தது. சுதர்சனா அக்காவின் கத்தியில் பாதி அகலத்துக்கு.

வெளியே போய்க் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாவது அன்னப்பூரணி அக்காவிடம். அவர் வீட்டில் பூட்டு. மகளின் பேறுகாலத்துக்கு வாகரைக்குப் போய்விட்டாராம், கத்தியையும் கொண்டு. போன் வேலை செய்யவில்லை. வாகரையில் எங்கள் ஊர்ச் சடங்கு இல்லை. அங்கே மீன் வெட்டுவார்கள்.

ஜூன் 6

விடிய பஸ் ஏறினேன். கத்தியை யாருக்காவது கொடுத்திருப்பாரோ, விற்றிருப்பாரோ என்று வழியெல்லாம் அதே எண்ணம். வாகரையில் விசாரித்து விசாரித்துக் கடற்கரையோரம் வீட்டைப் பிடித்தேன். அன்னப்பூரணி அக்கா வாசலில் இருந்து அதே கத்தியால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்! மீன் இல்லை, தேங்காய். கத்தியின் முதுகால், மாறி மாறி.

"அக்கா, வையுங்க! கீழ வையுங்க!"

பயந்துபோய்க் கையை உயர்த்தினார், பொலிசைக் கண்ட மாதிரி. விசயத்தைச் சொன்னேன். நம்பவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தது கத்திய வாங்கிட்டுப் போகவா? இது நல்ல கத்தி எண்டு தெரிஞ்சு வந்திருக்கிறாய்."

அங்கேயே காட்டுகிறேன் என்று கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. திரும்ப அடித்தேன். உடையவில்லை. சுற்றி நின்ற மீன்பிடிகாரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "தம்பி, கல்லுத்தான் உடையப்போகுது" என்றார் ஒருவர். கொண்டுபோன மண்ணெண்ணெயையும் சுண்ணக்கட்டித் தூளையும் பூசிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. பிடியில் புள்ளி. மாசியில் செய்த முதலாவது. இவர் அதைப் பாய்ந்து எடுத்ததை நானே எழுதி வைத்திருக்கிறேன், திருப்பிப் பார்க்கவில்லை.

"இப்ப தாறியா?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். கஞ்சி தந்தார், குடித்தேன். ஏன் கஞ்சி என்று யோசிக்கவில்லை. பசி.

ஜூன் 11

நேற்றுக் குளிர்த்தி முடிந்தது. இன்று காலையில் ஊரெல்லாம் மீன். பெண்கள் பழைய மொட்டைக் கத்திகளால் வெட்டினார்கள். எனக்கு ஏச்சு விழுந்த சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்டது. நல்ல சத்தம்.

ஜூன் 14

காக்காவின் வளவு. வராதே என்றவரின் வளவு. வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"காக்கா, தகட்டில பிழையில்ல. என்ட தண்ணி. நான் சொன்னது பிழை."

அவர் மெல்லச் சொன்னதைக் கேட்காதவர் போலக் காதில் கை வைத்தார்.

"லொறிக்காரனுக்குக் கேக்கல்ல. சத்தமாச் செல்லு. அண்டைக்குச் சத்தமாத்தானே செல்லினாய்?"

சத்தமாகச் சொன்னேன். லொறிக்காரன் தலையாட்டினான்.

"உங்கட ஊர்ச் சந்தியிலயும் செல்லு. அதுக்குப் பிறகு தகடு எடுக்க வா. அதுக்கு முதல் வராத." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தப் புள்ளைட கை இப்ப எப்பிடி?" என்றார்.

மடிக்க வரவில்லை என்றேன். தேத்தண்ணி தரவில்லை.

ஜூன் 18

சந்தியில் சொன்னேன். லொறி வந்தது, நிறுத்தினார்கள், ஏற்றினார்கள். உதயரூபன் அந்தக் கூட்டத்தில் நின்றான். "எனக்கு எப்ப சொல்லப்போறாய்?" என்றான். அவனுக்கும் சொன்னேன். "போறணைய விட்டு வெளிய வந்தது நிம்மதி, திரும்ப வர மாட்டன்" என்றான். வர மாட்டான் போலத்தான் இருக்கிறது.

ஜூலை 6

வசந்தா அக்கா வேலைக்குப் போக முடியாததால் சங்கத்தில் அவருடைய பங்கு நின்றுவிட்டது. ஆகவே மூன்று கிழமையாக அவருடைய இடத்தில் இருந்து நான் மீன் வெட்டுகிறேன். பங்கு அவருக்குப் போகும். சுதர்சனா அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, "வெட்டத் தெரியுமா?" என்றார். தெரியாது.

பெண்கள் நடுவில் குந்தியிருந்து, மொட்டைக் கத்தியோடு. "டிப்ளோமா, அது வால். தலை மற்றப் பக்கம்." இன்று செதில் என் கண்ணுக்குள் தெறித்தது, முழுக் கொட்டிலும் சிரித்தது. ஈரக் கையில் பிடி எப்படி வழுக்கும், முள்ளில் வாய் எப்படித் திரும்பும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாமல்தான் பத்துக் கத்தி செய்திருக்கிறேன்.

ஜூலை 20

திரும்பவும் எண்ணெய். பரலுக்கு இறுக்கமான மூடி அடித்தேன். புகை குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சங்கத்துக்கு வேறு கத்தி தருகிறேன் என்றேன். வசந்தா அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"இவன்ட கத்திய நம்பி நான் இனி ஒருத்திட கையிலயும் குடுக்க விட மாட்டன். முதல் நான் உடைச்சுப் பாப்பன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஓகஸ்ட் 24, ஞாயிறு

வசந்தா அக்கா வீட்டிலிருந்தே இரும்பு அலவாங்கு கொண்டுவந்தார். என்னுடையதை நம்பவில்லை. நான் ஏதும் செய்து வைத்திருப்பேனாம்.

புதுக் கத்திகளைத் தண்டவாளத் துண்டின் மேல் குறுக்காக வைத்து, இடது கையால் அலவாங்கை ஓங்கி இறக்கினார். ஒன்று உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்கு நிறம் ஒண்டுமில்ல. ஆனா உடைஞ்சிட்டு. ஆருட பிழை?"

"என்ட. காய்ச்சின சூடு கூடிட்டு."

"ம்." துண்டுகளைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

அடுத்ததை அடித்தார். நின்றது. திரும்ப அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார். "என்னடா இது, உடையுதில்ல" என்றார், கோபத்தோடு. உண்மையான கோபம். வேர்வையைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். வலது கையின் விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியில் வைத்தார். பெருவிரல் மட்டும் வெளியே நின்றது. காற்றில் ஒரு மீனைப் பிளந்தார். பிடி நழுவியது.

"பிடி சரியான தடிப்பு. இந்த விரலுக்கு ஒரு பள்ளம் வேணும். சீவித் தா."

அளவு எடுக்க வேண்டும் என்றேன். பழைய கலண்டர்த் தாளைத் திருப்பி மேசையில் விரித்தேன். அவர் கையை அதன் மேல் வைத்தார். கரித்துண்டால் பெருவிரலைச் சுற்றிக் கோடு இழுத்தேன், தழும்புக்குப் பக்கத்தால், மெல்ல. அவர் கையை எடுக்கவில்லை.